பேட்டையும் பெயரும்: தமிழ் ஹிப் ஹாப் பண்பாடும் வெகுசன ஊடகங்களில் அதன் செல்வாக்கும் (1994–2024)

ஆய்வுச் சுருக்கம்

1973இல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் தோன்றிய ஹிப் ஹாப் பண்பாடு, தமிழ்ச் சூழலில் திரையிசை, புலம்பெயர் இசைக்குழுக்கள், இணையம் ஆகிய மூன்று வழிகளில் வந்து சேர்ந்தது. இதன் செல்வாக்கைத் திரைப்பாடல்களில் ராப் பகுதிகள் பெருகியதைக் கொண்டே பெரும்பாலும் அளவிடுகின்றனர். எழுதுபவர், பாடுபவர், தோன்றுபவர் ஆகிய மூவரும் ஒருவரே என்னும் ஹிப் ஹாப்பின் அடிப்படை, இம்மூவரையும் வெவ்வேறாகப் பிரித்து இயங்கும் தமிழ்த் திரையிசை முறையில் எத்தகைய மாற்றத்தை விளைவித்தது என்பதே சரியான அளவுகோல் என இக்கட்டுரை வாதிடுகிறது. 1994 முதல் 2024 வரையிலான முப்பதாண்டுகளை நான்கு கட்டங்களாகப் பகுத்து இவ்வாதம் நிறுவப்படுகிறது. கொரட்டூர் வழியாகச் செல்லும் சென்னை – அரக்கோணம் புறநகர் இருப்புப்பாதை இப்பண்பாட்டின் நிலவியல் பின்புலமாகக் கருத்தில் கொள்ளப்படுகிறது.

திறவுச் சொற்கள்: ஹிப் ஹாப், ராப், கானா, திரையிசை, வெகுசன ஊடகம், சென்னைப் புறநகர், ஆசிரியத்துவம், பதிப்புரிமை.

முன்னுரை

தமிழ் வெகுசன ஊடகங்களுள் இசையின் போக்கைத் தீர்மானிக்கும் ஆற்றல் நெடுங்காலமாகத் திரைப்படத்திடமே இருந்து வந்துள்ளது. வானொலி, ஒலிநாடா, தொலைக்காட்சி என ஊடகங்கள் மாறியபோதும் அவை பரப்பிய இசையில் பெரும்பகுதி திரையிசையே. நாட்டுப்புறப் பாடலும் கருநாடக இசையும் கானாவும் பெருந்திரளான மக்களிடம் சென்றடையத் திரையின் வழியையே நாட வேண்டியிருந்தது. இந்நிலையில் திரைக்கு வெளியே பிறந்து, திரைக்குள் நுழைந்து, மீண்டும் வெளியேயும் தனித்து நிற்க முயன்ற வடிவம் என்ற வகையில் தமிழ் ஹிப் ஹாப் தனி ஆய்வுக்கு உரியது.

ஹிப் ஹாப்பைப் பற்றிய தமிழ் உரையாடல்களில் இரு கருத்துகள் எதிரெதிரே நிற்கின்றன. இவ்வடிவம் திரையிசையின் மொழியையும் பொருளையும் மாற்றிவிட்டது என்பது ஒன்று. திரைத்துறை தனக்குப் பயன்படும் ஓசையை மட்டும் எடுத்துக்கொண்டு எஞ்சியதைத் தள்ளிவிட்டது என்பது மற்றொன்று. இரண்டிற்கும் சான்றுகள் உள்ளன. ஆயின் எதைக் கொண்டு அளப்பது என்பது தெளிவாகாதவரை இவ்விவாதம் முடிவுக்கு வராது. அவ்வளவுகோலை வகுப்பதும் அதனைக் கொண்டு முப்பதாண்டு வரலாற்றை வாசிப்பதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

ஹிப் ஹாப்: தோற்றமும் இயல்பும்

1973 ஆகஸ்டு 11 அன்று பிராங்க்ஸின் செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் குடியிருப்பில், ஜமைக்காவிலிருந்து குடியேறிய கூல் ஹெர்க் என்னும் இளைஞர் நடத்திய இசை விருந்தே ஹிப் ஹாப்பின் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. ஒரே இசைத்தட்டின் இரு படிகளை இரு சுழல்மேடைகளில் இட்டு, பாடலின் தாளப்பகுதியை மட்டும் மாற்றி மாற்றி நீட்டித்தது அவர் கண்ட உத்தி. நீட்டித்த தாளத்தின்மீது ஆடியவர்களிடமிருந்து பிரேக் நடனமும், ஒலிவாங்கியில் பேசியவர்களிடமிருந்து ராப்பும் வளர்ந்தன. இசைத்தட்டு இயக்கம், ராப், பிரேக் நடனம், சுவரெழுத்து ஆகிய நான்கும் இப்பண்பாட்டின் கூறுகளாக எண்ணப்படுகின்றன. 1979இல் சுகர்ஹில் கேங் குழுவின் இசைத்தட்டு இதனை வணிகச் சந்தைக்குக் கொணர்ந்தது. 1982இல் கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் குழுவின் 'தி மெசேஜ்' நகர்ப்புற வறுமையை ராப்பின் பாடுபொருளாக நிலைநிறுத்தியது.

இந்நான்கு கூறுகளுக்கும் பொதுவான ஓர் இயல்பு உண்டு. சுவரில் எழுதுபவர் எழுதுவது தம் பெயரையே. ராப் பாடுபவர் தாமே எழுதியதைத் தாமே பாடி, வரிகளுக்குள் தம் பெயரையும் தம் தெருவையும் குறிப்பிடுகிறார். பிறர் எழுதியதைப் பாடுவது ராப்பருக்கு இழுக்காகக் கருதப்படுகிறது. ஆகவே எழுதுபவர், பாடுபவர், தோன்றுபவர் என்னும் மூன்று நிலைகளும் ஒருவரிடமே கூடியிருத்தல் இவ்வடிவத்தின் அடிப்படை எனலாம். பாடலுக்குள் புலவர் தம் பெயரைப் பொறிக்கும் 'முத்திரை' மரபு தமிழ்க் கீர்த்தனைகளிலும் பதிகங்களின் திருக்கடைக்காப்பிலும் இருப்பதால் இவ்வியல்பு தமிழ்ச் செவிக்கு முற்றிலும் அயலானதன்று.

தமிழ்த் திரையிசை இதற்கு நேர்மாறான அமைப்புடையது. தொடக்கக்காலப் பேசும்படங்களில் எம்.கே. தியாகராஜ பாகவதர், கே.பி. சுந்தராம்பாள் போன்றோர் தாமே நடித்துத் தாமே பாடினர். 1930களின் இறுதியில் பின்னணிப் பாடல் முறை வந்த பின்னர் முகமும் குரலும் பிரிந்தன. பாடலாசிரியர் தனித்தொழிலர் ஆனார். நடிகருக்காகப் பாடகர் பாட, இருவருக்காகவும் கவிஞர் எழுத, யாவற்றையும் இசையமைப்பாளர் ஒருங்கிணைக்கும் இம்முறையில் பாடலின் 'நான்' யாருடையது என்ற வினாவுக்குக் கதைமாந்தர் என்பதே விடை. ராப்பின் 'நான்' இம்முறைக்குள் நுழைந்தபோது நேர்ந்தது என்ன என்பதே இவ்வாய்வின் மையவினா.

நிலவியல் பின்புலம்: புறநகர் இருப்புப்பாதை

தமிழ் ஹிப் ஹாப்பின் சென்னை முகத்தை 'வடசென்னை' என்ற ஒற்றைச் சொல்லால் சுட்டுவது ஊடக வழக்கம். உண்மையில் அதன் நிலம் இன்னும் விரிந்தது. சென்னை சென்ட்ரலில் தொடங்கும் மேற்குப் புறநகர் இருப்புப்பாதை வியாசர்பாடி, பெரம்பூர், வில்லிவாக்கம், கொரட்டூர், பட்டரவாக்கம், அம்பத்தூர், ஆவடி, திருவள்ளூர் வழியாக அரக்கோணத்தை அடைகிறது. பெரம்பூரின் இரயில் பெட்டித் தொழிற்சாலை, பாடியின் வாகன உதிரிபாக ஆலைகள், 1964இல் அமைந்த அம்பத்தூர்த் தொழிற்பேட்டை, ஆவடியின் கனரக வாகனத் தொழிற்சாலை என இப்பாதை நெடுகிலும் தொழிற்கூடங்கள். கொரட்டூரில் ஏரியை ஒட்டிய பழைய ஊரும் வீட்டுவசதி வாரியக் குடியிருப்புகளும் தொழிற்பேட்டையின் உழைப்பாளர் வீடுகளும் அருகருகே அமைந்துள்ளன. 2011இல் அம்பத்தூர் நகராட்சி சென்னை மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டபோது கொரட்டூரும் மாநகரின் பகுதியாயிற்று.

இப்பாதையின் மின்தொடர் வண்டிகள் நீண்டகாலமாக வாய்மொழிக் கலையின் அரங்குகளாகவும் இருந்து வருகின்றன. சென்னைக் கல்லூரிகளுக்குச் சென்றுவரும் மாணவர்கள் பெட்டிச் சுவரைத் தட்டித் தாளமிட்டுக் கானா பாடுவது இத்தடத்தின் அன்றாட வழக்கம். ஒருவர் அடியெடுக்க மற்றவர் ஏற்றுப் பாடுவதும், பாட்டில் தம் கல்லூரியையும் தம் ஊரையும் தம் வழித்தடத்தையும் பெயர்சொல்லி உயர்த்துவதும், எதிரணியைச் சீண்டுவதும் இதன் கூறுகள். இவை ஹிப் ஹாப்பின் வழியே வந்தவை அல்ல. ஆனால் பெயர்சொல்லல், இடம்சொல்லல், சொற்போர் ஆகிய மூன்றையும் ஹிப் ஹாப்பும் தன் அடித்தளமாகக் கொண்டிருந்ததால் அவ்வடிவம் இங்கு எளிதில் வேர்பிடித்தது. பின்னாளில் தமிழ் ராப்பின் முதன்மைக் குரலாக அறியப்பட்ட அறிவு இப்பாதையின் முனையாகிய அரக்கோணத்தைச் சேர்ந்தவர்.

இவ்வரங்கை ஊடகங்கள் நோக்கிய முறை கருதத்தக்கது. இரயில் பெட்டிக்குள் எழும் கானா 'ரூட்டு தல' மோதல்கள் பற்றிய செய்திகளின் ஓரத்தில் சட்டம்-ஒழுங்குச் சிக்கலாகவே நாளேடுகளில் இடம்பெற்றது. அதே ஓசை திரைப்பாடலில் ஒலித்தபோது பொழுதுபோக்குப் பக்கங்களில் பாராட்டப் பெற்றது. ஒலி ஒன்றே, ஒலிப்பவர் யார், அவர்க்கு உரிமம் வழங்கியவர் யார் என்பதைப் பொறுத்து அதன் மதிப்பு மாறியது.

முதற்கட்டம்: பெயரில்லா ராப் (1994–2005)

ஷங்கர் இயக்கத்தில் 1994இல் வெளிவந்த காதலன் திரைப்படத்தின் 'பேட்டை ராப்' ராப் என்னும் சொல்லைத் தமிழகமெங்கும் அறிமுகம் செய்தது. ஏ.ஆர். ரகுமான் இசையில் சுரேஷ் பீட்டர்ஸ், தேனி குஞ்சரம்மாள், சாகுல் ஹமீது ஆகியோர் பாடினர். பாடல்வரிகளை இயக்குநரே எழுதினார். திரையில் பிரபுதேவா ஆடினார். சென்னைப் பேச்சுவழக்கும் அன்றாட வாழ்வின் இடர்களும் 'பேட்டை' என முடியும் ஊர்ப்பெயர்களின் அடுக்கும் இப்பாடலின் உள்ளடக்கம். ஊர்ப்பெயரை அடுக்குதல் ஹிப் ஹாப்பின் இயல்பே. ஆயினும் இங்கு எழுதுபவர் ஒருவர், பாடுபவர் பிறர், தோன்றுபவர் வேறொருவர். பேட்டையின் பெயர் இருக்கிறது. பேட்டைக்காரரின் பெயர் இல்லை.

இக்கட்டத்தில் திரையிசை ராப்பை ஒரு தாளமாகவும் உடையாகவும் நடனமாகவும் எடுத்துக்கொண்டது. 2002இன் பாபா திரைப்படத்தில் பிளேஸ் பாடிய ராப், 2007இன் சிவாஜியில் அவர் பங்கேற்ற பாடல் ஆகியவற்றில் ராப் பாடகரின் தனிக்குரல் கேட்கத் தொடங்கியது. எனினும் அக்குரல் உச்ச நடிகரின் பெருமையைப் பாடும் கட்டியக்காரரின் குரலாகவே அமைந்தது.

இதே காலத்தில் கானாவும் இத்தகைய பாதையிலேயே சென்றது. 1990களில் தேவாவின் இசை வழியாகக் கானா திரையில் பரவலாயிற்று. 2006இல் சித்திரம் பேசுதடி படத்தில் கானா உலகநாதனும், 2012இல் அட்டகத்தி படத்தில் கானா பாலாவும் பாடியபோதுதான் கானாக்காரர் தம் பெயருடன் அறியப்பட்டனர். வடிவம் முதலில், வடித்தவர் பின்னர் என்னும் இவ்வரிசை ராப்பிலும் திரும்ப நிகழ்ந்தது.

இரண்டாம் கட்டம்: கடல்கடந்த குரல்கள் (2005–2011)

ராப் பாடகர் தம் பெயருடன் தமிழில் வெளிப்பட்டது முதலில் தமிழகத்துக்கு வெளியே. மலேசியாவில் பொயட்டிக் அம்மோ குழுவில் ஆங்கிலத்தில் பாடிவந்த யோகி பி, நட்சத்திரா குழுவினருடன் இணைந்து 2006இல் 'வல்லவன்' என்னும் தொகுப்பை வெளியிட்டார். அதில் இடம்பெற்ற 'மடை திறந்து' பாடல், 1980இல் வெளிவந்த நிழல்கள் படத்திற்கு இளையராஜா அமைத்த பாடலின் மீது எழுப்பப்பட்டது. பழைய ஒலிப்பதிவை அடித்தளமாகக் கொண்டு புதுப்பாடல் செய்வது ஹிப் ஹாப்பின் தொன்முறை. தமிழர்க்குப் பொதுவான ஒலிக்களஞ்சியம் திரையிசையாக இருந்ததால் அவ்வடித்தளமும் திரையிசையாயிற்று. இதனால் தமிழ் ஹிப் ஹாப் தொடக்கத்திலேயே திரையிசைக்குக் கடன்பட்டதாகவும் திரையிசையை மறுவாசிப்புச் செய்வதாகவும் ஒருசேர அமைந்தது.

இலங்கையிலிருந்து கிருஷான் மகேசன் 'ஏசியன் அவென்யூ' தொகுப்பை அதே 2006இல் வெளியிட்டார். இலண்டனில் பிறந்த ஈழத்தமிழர் மாதங்கி அருள்பிரகாசம் எம்.ஐ.ஏ. என்ற பெயரில் 2005இல் 'அருளர்', 2007இல் 'கலா' ஆகிய தொகுப்புகளின் மூலம் உலகளவில் அறியப்பட்டார். முன்னது தந்தையின் பெயராலும் பின்னது தாயின் பெயராலும் அமைந்தவை. 'கலா'வின் ஒரு பகுதி சென்னையில் பதிவாயிற்று. அத்தொகுப்பின் 'பேர்டு ஃப்ளூ' பாடலில் உறுமி ஒலிக்கிறது. திரையிசைக் கூடங்களின் கலைஞர்கள் திரையல்லாத இசைக்குப் பயன்பட்ட நிகழ்வு இது.

தமிழ்த் திரையுலகம் இக்குரல்களை விரைந்து அழைத்துக்கொண்டது. 2007இல் பொல்லாதவன் படத்தில், 1979இன் நினைத்தாலே இனிக்கும் பாடலொன்றின் மறுகலவையில் யோகி பி பங்கேற்றார். 2011இல் ஆடுகளம் படத்திலும், 2013இல் கடல் படத்தில் இலங்கைத் தமிழரான ஆர்யன் தினேஷ் கனகரத்தினமும் பாடினர். இங்கு எழுதுபவரும் பாடுபவரும் ஒருவராயினர். தோன்றுபவர் மட்டும் இன்னும் நடிகரே. பாடலின் நடுவே சில அடிகள் அளவுக்கு ராப்புக்கு இடமளிக்கும் 'இடைச்செருகல் ராப்' என்னும் அமைப்பு இக்கட்டத்தில்தான் நிலைபெற்றது.

மூன்றாம் கட்டம்: இணையமும் நாயகத்துவமும் (2011–2017)

கோயம்புத்தூரைச் சேர்ந்த ஆதி, ஜீவா ஆகியோரின் 'ஹிப்ஹாப் தமிழா' இரட்டையர் பண்பலை வானொலியில் பாடிய 'கிளப்புல மப்புல' பாடலின் காணொளி 2011இல் இணையத்தில் பெருமளவு பரவியது. 2012இல் 'ஹிப் ஹாப் தமிழன்' தொகுப்பு வெளிவந்தது. அனிருத் இசையமைத்த எதிர்நீச்சல் (2013) வழியாகத் திரையில் பாடிய இவர்கள் 2015இல் ஆம்பள, தனி ஒருவன் படங்களின் இசையமைப்பாளர்கள் ஆயினர். 2017இல் தம் வாழ்க்கையைத் தழுவிய மீசைய முறுக்கு படத்தை ஆதியே எழுதி இயக்கி நாயகனாகவும் நடித்தார். எழுதுபவர், பாடுபவர், தோன்றுபவர் மூவரும் ஒருவராதல் தமிழ்த் திரையில் மீண்டும் நிகழ்ந்தது. பாகவதர் காலத்து ஒருமை புதிய வடிவில் திரும்பியது எனலாம்.

இவ்வொருமைக்கு விலையும் இருந்தது. 'கிளப்புல மப்புல' நகர்ப்புறப் பெண்களின் நடையுடையைக் கண்டிக்கும் பார்வையுடையது என்ற விமர்சனம் எழுந்தது. தமிழ்ப் பெருமிதம் இவர்களின் முதன்மைப் பாடுபொருளாயிற்று. சல்லிக்கட்டுக்கு ஆதரவான 'டக்கரு டக்கரு' பாடல் 2017 சனவரிப் போராட்டத்துக்குச் சற்று முன் வெளிவந்து போராட்டக் களங்களில் ஒலித்தது. போராட்டத்தின் இறுதிக் கட்டத்தில் சிலரின் முழக்கங்களைக் காரணம் காட்டித் தாம் விலகுவதாக ஆதி காணொளியில் அறிவித்தார். தெருவின் குரலாகக் கருதப்பட்ட கலைஞர், தெரு எவ்வளவு தூரம் பேசலாம் என்பதற்கு எல்லை வகுக்கும் இடத்தையும் எய்தியிருந்தார் என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது.

இசையமைப்பில் இக்கட்டத்தின் தாக்கம் ஆழமானது. பல்லவி – அனுபல்லவி – சரணம் என்னும் கட்டமைப்பு நெகிழ்ந்தது. நான்கடித் தாளச்சுழற்சியின்மேல் பேச்சோசை அமையும் பாடல்கள் இயல்பாயின. யாப்பு நோக்கிலும் மாற்றம் தெரிகிறது. தமிழ்ச் செய்யுளில் அடிமுதலில் வரும் எதுகையும் மோனையும் முதன்மையானவை. அடியிறுதி இயைபு அவற்றை நோக்க அருகியே பயிலும். ராப்போ அடியிறுதி ஒத்திசைவையே அச்சாகக் கொண்டது. தமிழ் ராப் இவ்விரண்டையும் இணைத்து, முதலில் மோனையாலும் இறுதியில் இயைபாலும் அடியைக் கட்டுகிறது. மேலும் ஆங்கிலம்போல் அசையழுத்தம் பொருள்வேறுபாட்டுக்கு உதவாத மொழியாதலின் தாள அடியை அழுத்திக் காட்ட வல்லின இரட்டிப்பும் குறிலடுக்கும் பயன்படுகின்றன. தொல்காப்பியம் கூறும் இருபது வண்ணங்களுள் உருட்டு வண்ணமும் முடுகு வண்ணமும், திருப்புகழின் சந்தமும் இங்கு நினைவுக்கு வருதல் இயல்பு. எனினும் இவற்றைத் தமிழ் ராப்பின் மூலமெனக் கொள்ள வரலாற்றுத் தொடர்ச்சி இல்லை. விரைவோசையைச் சுவைக்கும் பயிற்சியை இவை தமிழ்ச் செவிக்கு அளித்திருந்தன என்ற அளவிலேயே கொள்ளல் தகும்.

ஹிப் ஹாப்பின் பிற கூறுகளும் இக்காலத்தில் பரவின. நடனம் தொலைக்காட்சிப் போட்டி நிகழ்ச்சிகளின் வழியே சிற்றூர்களை அடைந்தது. சுவரோவியமோ தெருவின் கையெழுத்தாக அன்றி நிறுவன ஆதரவுடன் வந்தது. 2020இல் கண்ணகி நகரில் வரையப்பட்ட பெருஞ்சுவரோவியங்கள் இதற்குச் சான்று. தேர்தல் சுவர் விளம்பரம் ஏற்கெனவே வலுவாக இருந்த நிலத்தில், தம் பெயரைத் தாமே எழுதும் தனிமனிதச் சுவரெழுத்து வளர இடமில்லை எனக் கருதலாம்.

நான்காம் கட்டம்: பெயரின் அரசியல் (2018–2024)

2018 சனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழுவின் முதல் நிகழ்ச்சி நடந்தது. பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவும் இணைந்து உருவாக்கிய இக்குழுவின் பெயர், அயோத்திதாசப் பண்டிதர் கையாண்ட 'சாதி பேதமற்ற' என்னும் தொடரிலிருந்து பெறப்பட்டது. கானா, ராப், ராக், பறை ஆகியவை ஒரே மேடையில் இணைந்தன. இடஒதுக்கீடு, மாட்டிறைச்சி, சாதிக்கொலை ஆகியவை பாடுபொருளாயின. ஆண்களே பாடிவந்த கானாவில் இசைவாணி தம் குரலை நிறுவினார், 2020இல் பி.பி.சி.யின் நூறு பெண்கள் பட்டியலில் அவர் இடம்பெற்றார்.

அதே ஆண்டில் வெளிவந்த காலா திரைப்படத்தில் மும்பை தாராவியின் தமிழ் ராப் குழுவான டோப்அடெலிக்ஸ் பாடியதோடு திரையிலும் தோன்றியது. தாராவியைப் பற்றிய படத்தில் தாராவியின் ராப்பர்கள் தாமாகவே தோன்றியது, பேட்டை ராப் தொடங்கி இருபத்து நான்கு ஆண்டுகளில் நிகழ்ந்த தலையாய மாற்றம். 2019இல் அறிவும் இசைத்தயாரிப்பாளர் ஆஃப்ரோவும் வெளியிட்ட 'தெருக்குரல்' தொகுப்பு, தூத்துக்குடியில் 2018 மே 22 அன்று நடந்த துப்பாக்கிச்சூட்டில் இறந்த சுனோலினை முன்னிறுத்தும் பாடலையும் உள்ளடக்கியது. திரைப்படம் பேசத் தயங்கிய பொருளைத் திரைக்கு வெளியே பேசியவர், 2021இல் மாஸ்டர் படத்தில் 'வாத்தி ரெய்டு' பாடலை எழுதி அனிருத்துடன் பாடவும் செய்தார்.

2021 மார்ச்சில் வெளிவந்த 'எஞ்சாயி எஞ்சாமி' இவ்வரலாற்றின் திருப்புமுனை. பாடகி தீயும் அறிவும் பாட, சந்தோஷ் நாராயணன் தயாரித்த இப்பாடல் எந்தத் திரைப்படத்தையும் சாராமல் உலகெங்கும் பரவியது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்துத் தாயகம் திரும்பிய தம் பாட்டியின் வாழ்வே அறிவுக்கு இப்பாடலின் ஊற்று. 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 மலையகத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. அவர்களின் நிலமின்மை திரைப்படங்களில் அரிதாகவே இடம்பெற்றது. ஒப்பாரியின் சாயலும் ராப்பும் கூடிய ஒரு தனிப்பாடல் அவ்வரலாற்றைப் பொதுநினைவுக்குக் கொணர்ந்தது. வெகுசன ஊடகம் விட்டுவிட்டதை ஹிப் ஹாப் நிரப்பிய சான்றாக இதனைக் கொள்ளலாம்.

ஆனால் அப்பாடலின் பின்வரலாறு பெயரைப் பற்றியதாகவே அமைந்தது. இணையத்தில் தீயின் பெயர் முதலிலும் அறிவின் பெயர் 'உடன்' என்னும் பொருள்தரும் சுருக்கக் குறியை அடுத்தும் இடம்பெற்றன. 2021 ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் தீயும் கனடியத் தமிழ் ராப்பர் ஷான் வின்சென்ட் டி பாலும் இடம்பெற்றனர். 'எஞ்சாயி எஞ்சாமி'யின் பாடலாசிரியரும் பாடகர்களுள் ஒருவரும், 'நீயே ஒளி' பாடலின் எழுத்தில் பங்குகொண்டவருமான அறிவு அதில் இல்லை என்பதைப் பா. இரஞ்சித் சுட்டிக்காட்டியபின் விவாதம் பெருகியது. 2022 சூலை 28 அன்று சென்னையில் நடந்த சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அறிவு இல்லாமலேயே இப்பாடல் பாடப்பட்டது. பாடலை இயற்றி, எழுதி, பாடி, நிகழ்த்தியவர் தாமே என அறிவு பொதுவெளியில் எழுதினார். பாடல் கூட்டுமுயற்சியில் உருவானது என்று சந்தோஷ் நாராயணனும், அறிவின் பங்கைத் தாம் என்றும் குறிப்பிட்டே வந்ததாகத் தீயும் விளக்கமளித்தனர். இப்பாடலின் வருவாய் தம்மை வந்தடையவில்லை எனச் சந்தோஷ் நாராயணனே 2024இல் வெளிப்படையாகத் தெரிவித்தார்.

இவ்விவாதத்தைத் தனிமனிதப் பிணக்காகக் குறுக்குதல் பொருந்தாது. இரு ஆசிரியத்துவ முறைகளின் மோதல் இதில் வெளிப்படுகிறது. திரையிசை மரபில் பாடலின் முதல் உரிமையாளராக இசையமைப்பாளர் கருதப்படுகிறார், பாடகர் மாற்றத்தக்கவர், மேடையில் வேறொருவர் பாடுதல் இயல்பு. ஹிப் ஹாப் மரபில் பாடியவரின்றிப் பாடல் இல்லை. குடும்பத்தின் நினைவே பாடலானபின் அதனைப் பிறர் வாயால் பாடுவித்தல் பாடலைப் பொருளிழக்கச் செய்யும். மேலும், விடுபட்டவர் ஒடுக்கப்பட்ட சமூகத்திலிருந்து வந்த கலைஞர் என்பதால் இம்மோதல் சாதி வரலாற்றின் சுமையையும் தாங்கியது. 2012ஆம் ஆண்டின் பதிப்புரிமைத் திருத்தச் சட்டம் பாடலாசிரியர்க்கும் இசையமைப்பாளர்க்கும் பிறர்க்கு முற்றிலும் விட்டுக்கொடுக்க இயலாத உரிமத்தொகைப் பங்கை அளித்தது. நிகழ்த்துநரின் உரிமையையும் வலுப்படுத்தியது. சட்டம் உரிமத்தொகையை வரையறுக்கிறது. அட்டைப்படத்தில் யார் முகம், மேடையில் யார் குரல் என்பதை வரையறுப்பது ஊடக வழக்கமே.

சமகாலப் போக்கு இருதிசையில் செல்கிறது. ஒருபுறம், இசை நிறுவனங்களின் தனியிசைப் பிரிவுகளும் குறுங்காணொளித் தளங்களும் ராப்பர்களைத் திரைக்கு முன்பே அறியச் செய்கின்றன. 2021இன் 'ஜோர்தாலே' பாடலால் அறியப்பட்ட அசல் கோளாறு, 2023இல் லியோ படத்தின் 'நா ரெடி' பாடலில் விஜய், அனிருத் ஆகியோருடன் பாடினார். பால் டப்பா, 2024இல் பிரதர் படத்திற்காக ஹாரிஸ் ஜெயராஜ் இசையில் 'மக்காமிஷி'யை எழுதிப் பாடினார். தம் பெயரோடு அழைக்கப்படுவது இக்கலைஞர்கள் பெற்ற பேறு. மறுபுறம், பாடுபொருள் நாயகனின் பெருமிதமாகவும் கொண்டாட்டமாகவும் மீண்டும் சுருங்குகிறது. 2022இல் பிக் பாஸ் தமிழ் ஆறாம் பருவத்தில் அசல் கோளாறும் ஆர்யன் தினேஷ் கனகரத்தினமும் போட்டியாளர்களாயினர். பூந்தமல்லியை அடுத்த செம்பரம்பாக்கத்தில் அமைந்த அரங்கில் ஒளிப்பதிவான அந்நிகழ்ச்சிக்கு ராப்பரின் பாடலைவிட அவரது ஆளுமையே தேவைப்பட்டது. பேட்டைச் சிறுவனின் முகம் ஊடகத்துக்கு வந்துவிட்டது. பேட்டையின் முறையீடு வாசலிலேயே நிற்கிறது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வின்வழிப் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

முதலாவதாக, ஹிப் ஹாப் தமிழ் வெகுசன ஊடகத்தில் மொழி, தாளம், பாடல் கட்டமைப்பு ஆகியவற்றில் நிலையான மாற்றத்தை விளைவித்துள்ளது. சென்னைப் பேச்சுவழக்கு நகைச்சுவைக்குரியதாக இருந்த நிலை மாறித் தற்பெருமையும் முறையீடும் பேசும் மொழியானதில் இதற்குப் பெரும்பங்கு உண்டு.

இரண்டாவதாக, எழுதுபவர், பாடுபவர், தோன்றுபவர் என்னும் பிரிவினை முப்பதாண்டுகளில் படிப்படியாகத் தளர்ந்துள்ளது. 1994இல் மூவரும் வேறானவர். 2007இல் இருவர் ஒருவராயினர். 2017–18இல் மூவரும் ஒருவராதல் நிகழ்ந்தது. எனினும் 2021–22 நிகழ்வுகள், இவ்வொருமை உடன்பாட்டால் அன்றிச் சலுகையால் கிடைத்ததென்பதையும், எந்நேரமும் திரும்பப் பெறத்தக்கது என்பதையும் காட்டின.

மூன்றாவதாக, உள்ளடக்கத்துக்கும் பெயருக்கும் இடையே எதிர்விகிதம் காணப்படுகிறது. ராப்பர் தம் பெயரோடு திரையில் நுழையும்போது அவரது பாடுபொருள் குறுகுகிறது. பாடுபொருள் விரியும்போது அவர் பெயர் பின்னுக்குத் தள்ளப்படுகிறது. இரண்டையும் ஒருங்கே காத்த முயற்சிகள் பெரும்பாலும் திரைக்கு வெளியே, கூட்டுக்குழுக்களாகவோ தனித்தொகுப்புகளாகவோ அமைந்தன.

நான்காவதாக, இப்பண்பாட்டின் நிலம் ஊடகம் சுட்டும் ஒற்றை வடசென்னை அன்று. வியாசர்பாடி முதல் கொரட்டூர், ஆவடி வழியே அரக்கோணம் வரை நீளும் இருப்புப்பாதையும், அதன் பெட்டிகளில் பதிவின்றிக் கரையும் பாடல்களும் ஆய்வுலகின் கவனத்துக்கு உரியவை. அவற்றை ஒலிப்பதிவு செய்து பாடியவர் பெயரோடு ஆவணப்படுத்துதல் நாட்டுப்புறவியல், ஊடகவியல் துறைகள் இணைந்து மேற்கொள்ள வேண்டிய பணியாகும். இரயில் கானாவைக் காவல்துறைச் செய்தியாக மட்டும் அறியும் ஆவணக் காப்பகத்திலிருந்து நாளை எழுதப்படும் இசை வரலாறு, பாடலை வைத்துக்கொண்டு பாடியவரை விட்டுவிடும் பழைய வழக்கத்தையே தொடரும்.